பிள்ளை யாருக்குச் சொந்தம்?
லிந்துலையில் தோட்டக் கமிட்டி உறுப்பினர்கள் மத்தியில் ஆற்றப்பட்ட உரை



சம்பளம், வீடு, காணி என்று பேசும் நமது மேடையில் இன்று ஒரு சிங்கள நாடகக் கலைஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவர் ஹென்றி ஜயசேன. 'தூ தருவோ' தொலைக்காட்சித் தொடரில் 'சுது சீயா'வாக வந்தவர் என்றால் உங்களில் பலருக்கு முகம் ஞாபகம் வரும்.

1931இல் பிறந்த அவர் முதலில் ஆங்கில உதவி ஆசிரியராக வேலை பார்த்தது நமது நுவரெலியா மாவட்டத்தில், படியபெலெல்லப் பக்கத்துத் தெஹிபே பாடசாலையில். பிறகு கொழும்பில் எழுதுவினைஞரானார். அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார், இயக்கினார், நடித்தார். 'ஜனேலய', 'குவேணி' எல்லாம் அப்படி வந்தவைதான். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' (1963) படத்தில் பியல் பாத்திரம் அவரைத் திரையிலும் நிலைநிறுத்தியது.

1967இல் அவர் மேடையேற்றிய 'ஹுணுவட்டயே கதாவ'தான் நமக்கு முக்கியம். ஜெர்மனிய நாடகாசிரியர் பிரெக்டின் வெண்கட்டி வட்டக் கதை அது. கலவரத்தில் ஆளுநரின் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறாள். சமையற்கட்டு வேலைக்காரி குரூஷா அதைத் தூக்கி மலையெல்லாம் அலைந்து வளர்க்கிறாள். பிள்ளையோடு சொத்தும் வருகிறது என்றதும் பெற்றவள் வழக்குப் போடுகிறாள். நீதிபதி அஸ்டக் வெண்கட்டியால் வட்டம் போட்டு, பிள்ளையை நடுவில் நிறுத்தி, இருவரையும் இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு வலிக்குமே என்று குரூஷா கையை விடுகிறாள். பிள்ளை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது. அஸ்டக்காக நடித்தவர் ஜயசேனதான். குரூஷாவாக நடித்தவர் அவரது மனைவி மானெல்.

அந்த நாடகம் மேடையேறிய காலத்தில் நமது நிலைமை என்ன? 1948இன் சட்டம் நமது பிரஜாவுரிமையைப் பறித்திருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. கதையிலாவது பிள்ளை வேண்டுமென்று இரண்டு பேர் இழுத்தார்கள். நம்மை வேண்டுமென்று இழுக்க ஒருவருமில்லை, நம்மிடம் கேட்கவுமில்லை.

பிரெக்டின் மூலத்தில் ஒரு காணி வழக்கும் உண்டு. நீர் பாய்ச்சிப் பழத்தோட்டம் போடத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கே பள்ளத்தாக்கு என்று அது முடிகிறது. வளர்ப்பவருக்கே உரிமை என்பதுதான் இரண்டு வழக்கிலும் நியாயம். இந்த மலைகளில் காடு வெட்டி, கன்று நட்டு, அட்டைக்கடி பட்டுக் கொழுந்து பறித்த குடும்பங்கள் இன்றும் லயக் காம்பிராவில் உறுதியில்லாமல் இருக்கின்றன. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு நாம் கேட்கும் உறுதி, அஸ்டக்கின் தீர்ப்பிலுள்ள அதே நியாயம்தான்.

அந்தத் தீர்ப்புக்குக் கைதட்டியவர்கள் சிங்கள மக்கள். வளர்த்தவளின் நியாயம் அவர்களுக்குப் புரியாததல்ல. குரூஷாவின் இடத்தில் நாம் நிற்கிறோம் என்பதை அவர்களிடம் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். துண்டுப்பிரசுரம் மட்டும் அதற்குப் போதாது.

காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடிய மக்கள் நாம். மேடை நமக்குப் புதிதல்ல. இளைஞர்களே, இந்தக் கதையைப் பிரட்டுக்களத்தில் போடுங்கள். தமிழில் போடுங்கள், பக்கத்துக் கிராமத்தாரையும் அழைத்துச் சிங்களத்திலும் போடுங்கள். ஹென்றி ஜயசேன 2009இல் மறைந்துவிட்டார். அவர் மேடையில் சொன்ன தீர்ப்பை நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை நம்முடையது.