எமது வளவுக் குள்ளக் கோழிகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோழியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் சபையிலே சிரிப்பொலி எழுந்தது. எழட்டும். முருகப்பெருமானின் கொடியில் சேவலைக் கண்டு வணங்குகின்ற நாம், அதன் இனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதில் தவறொன்றுமில்லை.

நாம் சொல்ல வந்தது பேண்டம் என்னும் குள்ளக் கோழியின் கதை. ஜாவாத் தீவின் மேற்கிலே பாண்டென் என்றொரு பழைய துறைமுகம் உண்டு. மிளகு வாங்கப் போன ஐரோப்பியக் கப்பலோட்டிகள் அங்கே கண்ட சிறு கோழிகளுக்கு அத்துறைமுகத்தின் பெயரையே இட்டனர். துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இது புதுமையன்று. கப்பலில் சரக்கோடு பெயரும் வந்து இறங்குவதுண்டு.

சாம்பல்தீவில் எமது வளவிலே ஒரு சேவலும் நான்கு பேடுகளும் நின்றன. பேடொன்றைத் தூக்கினால் முக்கால் கிலோ தேறாது. சேவலோ ஊர்ச் சேவலின் பாதிகூட இல்லை. ஆயினும் அதன் வீறாப்பைக் கண்டு அயல்வீட்டு நாய் வேலியோரமாகவே போகும். பேடுகளுள் ஒன்றைச் சின்னாச்சி என்று அழைத்தோம். அடைகிடப்பதில் அவளுக்கு நிகரில்லை. பெரிய ஊர்க்கோழி முட்டை ஐந்தை வைத்தாலும் செட்டையை அகல விரித்து 21 நாளும் மூடிக் கிடப்பாள். ஒருமுறை எமது தம்பி விளையாட்டாகத் தாரா முட்டைகளை வைத்துவிட்டான். 28 நாள் பொறுத்துக் கிடந்து பொரித்தாள். குஞ்சுகள் மழைவெள்ளத்தில் இறங்கி நீந்த, அவள் கரையிலே ஓடி ஓடிக் கதறினாள். நாம் கைகொட்டிச் சிரித்தோம். அம்மாச்சி ஏசிய பிறகே குஞ்சுகளைப் பிடித்து அவளிடம் விட்டோம்.

2012ஆம் ஆண்டு தை மாதம், திருகோணமலையிலிருந்து வெள்ளைச் சேவலொன்றைக் கடகத்தில் வைத்து பஸ்ஸிலே கொண்டு வந்தோம். புது இடத்தில் அது தனியே நின்று கத்தியது. தம்பிக்கு மனம் பொறுக்கவில்லை; நமக்குந்தான். அன்றிரவே மற்றவற்றோடு சேர்த்து அடைத்தோம்.

நான்காம் நாள் வெள்ளைச் சேவல் செட்டையைத் தொங்கவிட்டது. எச்சம் பச்சையாய்ப் போயிற்று. மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுத்தோம். குளிரும் என்று பயந்து சாக்கினால் கூட்டை மூடினோம். இரண்டு கிழமைக்குள் கூடு வெறுமையாயிற்று. கடைசியாக நின்றவள் சின்னாச்சி. அப்போது அவள் அடைகிடந்து 16 நாள். கழுத்து முறுகித் தலை பின்னே சாய்ந்த நிலையிலும் முட்டைகளை விட்டு எழும்பவில்லை. அவளையும் முட்டைகளையும் முருங்கையடியில் ஒரே குழியில் ஆழப் புதைத்தோம். தம்பி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

கால்நடை வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "புதியதை எத்தனை நாள் தனியே வைத்தீர்கள்?" என்பது. நம்மிடம் பதிலில்லை.

அந்நோய்க்கு இராணிக்கெட் என்று பெயர். 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் அறியப்பட்டு, அடுத்த ஆண்டு இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டிலும் காணப்பட்டது. பேண்டம் என்னும் பெயரைத் தந்த அதே ஜாவா! வைரசினால் வரும் நோயாதலால் கண்டபின் மருந்தில்லை. முன்னரே தடுக்கத்தான் முடியும். குஞ்சு பொரித்த முதற் கிழமையிலேயே கண்ணில் ஒரு துளி மருந்து விடுவார்கள். பின்னரும் உரிய காலத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். புதிய கோழியை இரண்டு மூன்று கிழமையாவது ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குத் தீன் வைத்த கையைக் கழுவாமல் மற்றக் கூட்டைத் தொடலாகாது. செத்ததைக் களப்பில் எறிவோரும் நம்மூரில் உண்டு. அவர்கள் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: எரியுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள்.

ஏழு மாதம் கூட்டை வெறுமையாகவே விட்டிருந்தோம். பிறகு ஒரு சோடி வாங்கினோம். மருந்து விட்டு, அடுப்படிக்குப் பின்னால் தனிக் கூட்டில் 21 நாள் வைத்தோம். கணக்கைச் சொன்னவன் தம்பி. மாலைதோறும் கூட்டின் முன் குந்தியிருந்து கதைத்துவிட்டு, கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவான். அந்தச் சோடியின் வழி வந்த சேவலொன்று இப்போது விடிய நாலு மணிக்கே கூவுகின்றது. அயலவர்கள் பொறுத்தருள வேண்டும்.