தைராயிட் மாத்திரையும் தொண்டை நோவும்



தைராயிட் சுரப்பி அளவுமீறிச் சுரப்பதால் உடல் மெலிவும் நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் உண்டாகின்றன. இதற்கு நம்மவர் இல்லங்களில் வழங்கிவருவது கார்பிமஸோல் மாத்திரை. 1943ஆம் வருஷம் அமெரிக்க வைத்தியர் ஆஸ்ட்வுட் வெளியிட்ட சிகிச்சை முறையின் வழிவந்தது; நற்பயன் தருவதே.

ஆயினும் 1000 பேரில் 2 முதல் 5 பேருக்கு இம்மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களை அறவே குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் 3 மாதங்களில். கிருமிகளை எதிர்க்கும் படையே இல்லாத நிலை அது. அதன் முதற்குறி ஜுரமும் தொண்டை நோவுமே. நாமோ மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, மாத்திரையையும் தவறாமற் கொடுத்து, நாலு நாள் பார்ப்போமென்று இருந்துவிடுகிறோம். கஷாயத்தை இகழ்கிறோமல்லோம், மற்றையோருக்கு அது ஏற்றதே. இந்நோயாளிக்கு அந்த நாலு நாளே உயிருக்கு ஆபத்து.

ஆதலால் அன்றே மாத்திரையை நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் சென்று வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்தல் வேண்டும். சென்ற மாதப் பரிசோதனை சரியாயிருந்ததென ஆறுதல் கொள்ளலாகாது. இக்குறைவு திடீரென வருவது. எண்ணிக்கை சரியாயிருப்பின் வைத்தியர் சொற்படி மாத்திரையைத் தொடரலாம்.

வேறு ஊரில் ஜுரங் கண்டால் அங்குள்ள வைத்தியர் எங்ஙனம் அறிவார்? மாத்திரையின் பெயரெழுதிய சீட்டொன்றை நோயாளியின் பையில் இன்றைக்கே வைத்துவிடுங்கள்.