தப்பித் துடிக்கும் இதயம்

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல்களை வையுங்கள். நாடி தட்டுகிறதா? ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை தட்டும். ஒரே சீராகத் தட்டும். சிலருக்கு அப்படி இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, தாறுமாறாகத் தட்டும்.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மெல்லிய மின்சாரம்தான் அவற்றைச் சுருங்க வைக்கிறது. இந்த நோயில் மேல் அறைகளில் மின்சாரம் கண்டபடி ஓடும். அறை சுருங்காது, நடுங்கும். படபடப்பு வரும், மூச்சு வாங்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அவர்களுக்கும் ஆபத்து உண்டு. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயாளிகளுக்கு அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு.

நுரையீரலிலிருந்து இடது மேல் அறைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பெரும்பாலும் நான்கு. தப்பு மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 1998-ல் பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஐசகேர் குழுவினர் இதைக் காட்டினார்கள். அப்படியானால் ரத்தத்தை விட்டு, மின்சாரத்தை மட்டும் தடுக்க வேண்டும். எப்படி?

முதலில் சூட்டால் சுட்டார்கள். பிறகு குளிரும் வந்தது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்துவார்கள். அதன் நுனியில் ஒரு பலூன். அதை ஊதி, ரத்தக்குழாயின் வாயில் பொருத்துவார்கள். பலூனுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு பாயும். சுழிக்குக் கீழே 40 டிகிரிக்கும் குளிர்ந்துவிடும். மூன்று, நான்கு நிமிடம் போதும். சுற்றியுள்ள தசை வளையமாக உறைந்து, பின்னால் தழும்பாகும். தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. நெஞ்சைத் திறக்கவே வேண்டாம்.

வலப்பக்கம் உறைய வைக்கும்போது கவனம் தேவை. மூச்சுத் தசையை இயக்கும் நரம்பு அருகிலேயே போகிறது. ஆகவே அந்த நரம்பைத் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். விக்கல்போல வயிறு துள்ளும். ஒருவர் வயிற்றில் கை வைத்திருப்பார். துள்ளல் தளர்ந்தால் உடனே குளிரை நிறுத்துவார்கள். எத்தனை இயந்திரம் இருந்தும் கை வேண்டியிருக்கிறது!

எல்லாருக்கும் இது முழுக் குணம் தராது. சிலருக்கு மறுபடியும் செய்ய நேரிடும். செலவும் அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தக் கூடாது. பலர் பிறகும் தொடர வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். வால்வு சுருங்கியவர்களுக்கு முதலில் வால்வைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைதான். அதற்கு அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும்.