அப்பாவும் பாப்பாவும்

(நமது சங்கத்தின் நீலசந்திரா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி.எஸ்ஸி. படித்துவிட்டு சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்தவனுக்கு மகாகவி பாரதியைப் பற்றிப் பேச என்ன யோக்யதை என்று சிலர் நினைக்கலாம். கவிதையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த வீட்டைப் பற்றியும், அங்கே வளர்ந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றியும்தான்.

பாரதியின் இளைய மகள் சகுந்தலா பிறந்தது 1908-இல். அதே வருஷம்தான் அவர் பிரிட்டிஷ் போலீஸாரிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். 1918 நவம்பர் வரை அங்கேயே வாசம். ஆகவே அந்தக் குழந்தைக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வாசலில் ஒற்றர்கள், உள்ளே பணமில்லை. நடுவில் முறுக்கிய மீசையும் தலைப்பாகையுமாக, உரக்கப் பாடியபடி நடக்கும் ஓர் அப்பா. 'பாப்பா பாட்டு' அந்தக் குழந்தையை வைத்துத்தான் பிறந்தது என்பார்கள்.

செல்லம்மா கடன் வாங்கி வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். நான் கணக்குப் பார்த்தே பழகியவன். அன்று மத்தியானம் உலையில் என்ன போட்டார்கள் என்றுதான் என் புத்தி போகிறது. அந்த அம்மாள் பட்ட பாடு சாமானியமல்ல. ஆனால் குழந்தைக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். நம் வீட்டு அப்பாக்கள் குருவியை விரட்டுவார்கள். இந்த அப்பா குருவியோடு சேர்ந்து குதிக்கிறார்! திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தின் கூண்டருகே போய் அதைத் தொட்டுப் பேசியவரும் இதே அப்பாதான். கூட இருந்தவர்களுக்குக் குலை நடுங்கியது.

இனி, நம் சங்கத்தில் சொல்லத் தயங்கக்கூடாத விஷயம். புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்குப் பாரதி பூணூல் போட்டு, காயத்ரி உபதேசம் செய்தார். அந்தக் கனகலிங்கமே பிற்பாடு 'என் குருநாதர் பாரதியார்' என்று புத்தகம் எழுதினார். புதுச்சேரிக்குப் பிறகு குடும்பம் கடையத்துக்கு வந்தது. அங்கே அக்ரஹாரம் பாரதியைப் பைத்தியம் என்றது. சொன்னவர்கள் வேறு யாருமல்ல, நம் தாத்தாக்களும் கொள்ளுத் தாத்தாக்களும்தான். இன்று நம் ஹாலில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தத் தெருவில் அவர் பெண்ணாக நடந்துபோவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1921 செப்டம்பரில், 39 வயதுகூட நிரம்பாமல், திருவல்லிக்கேணியில் பாரதி காலமானார். யானை அடித்து இறந்தார் என்று இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது சரியல்ல. யானையிடமிருந்து குவளைக் கண்ணன் அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். தேறிய பாரதி, ஜூலை 31 அன்று ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசிவிட்டும் வந்தார். உயிரைக் குடித்தது வயிற்றுக் கடுப்பு. மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. சகுந்தலாவுக்கு அப்போது வயது பதின்மூன்று.

சொத்து ஏதும் வைக்காமல், ஊர்ப் பேச்சை மட்டும் வைத்துவிட்டுப் போன தகப்பனார். குறை சொல்ல அந்தப் பெண்ணுக்கு வேண்டிய காரணங்கள் இருந்தன. ஆனால் வளர்ந்த பிறகு அவர் எழுதியது அப்பாவைக் கொண்டாடும் ஒரு புத்தகம். மூத்தவர் தங்கம்மாளும் எழுதினார். அரிசியைப் பறிகொடுத்த செல்லம்மாவே சொல்லச் சொல்ல உருவானது 'பாரதியார் சரித்திரம்'. இந்த மூவரும் அவரைத் தெய்வமாக்கியதைவிட, வீட்டு மனுஷராக நமக்குக் காட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று. புதுச்சேரியில் பாரதிக்குத் துணையாக இருந்த மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் நம் மைசூர்ச் சீமைப் பூர்வீகக்காரர். அவருடைய பெண் யதுகிரி அம்மாளும் சிறுமியாகப் பார்த்ததை 'பாரதி நினைவுகள்' என்று எழுதியிருக்கிறார். இந்தப் புத்தகங்களைக் கிளையின் அலமாரியில் வாங்கி வைக்கலாம் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பிரதி வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவினால் செலவு மிச்சம்.