தலைவலிதானே என்று சொல்லாதீர்கள்

பள்ளிப்பட்டுத் தாய்மார்களே, துணைக்கு வந்திருக்கும் அத்தைமார்களே! கதவோரம் நிற்கும் ஆண்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்குத்தான்.

வளைகாப்பு முடிந்தது, கலவை சாதம் வரப்போகிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதம். முகம் உப்புகிறது, மோதிரம் கழலவில்லை. தலை பிளக்கிறது, கண்முன் பூச்சி பறக்கிறது, வலது விலாவுக்குக் கீழே வலி. வீட்டில் என்ன சொல்கிறோம்? "நீர் கோத்திருக்கு, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு." அத்தை, உங்கள் அனுபவம் பெரியது. ஆனால் உங்கள் இரத்த அழுத்தம் வேறு, மருமகளின் அழுத்தம் வேறு! 140/90 வந்தாலே டாக்டர் பார்க்க வேண்டும். 160/110 என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. தள்ளினால் வலிப்பு வரலாம். வலிப்புக்கு வேப்பிலை அடிக்காதீர்கள். மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான ஊசி இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

உதிரம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தறியில் இழை அறுந்தால் நாலு முழம் ஓடட்டும் என்றா விடுகிறோம்?

பிள்ளை பிறந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்று நினைக்கிறோம். பல தாய்மார்களை இழப்பது அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், "பச்சை உடம்பு, போகத்தான் செய்யும்" என்று சொல்லாதீர்கள். குளிர்காய்ச்சல், மூச்சுத்திணறல், ஒரே காலில் வீக்கமும் வலியும் ஆபத்துதான். அந்தத் தலைவலியும் வலிப்பும்கூட பிரசவத்துக்குப் பின் வரலாம். பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம்போல் இருக்கிறது என்று அவள் சொன்னால் திமிர் என்று திட்டாதீர்கள். அதுவும் நோய்; வைத்தியம் உண்டு. அவளைத் தனியே விடாதீர்கள்.

2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுதும் 97. நல்ல பெயர்தான். ஆனாலும் ஒவ்வொரு தாயின் சாவையும் நம் மாநிலம் தணிக்கை செய்கிறது. எப்போது அறிகுறி தெரிந்தது, எப்போது புறப்பட்டார்கள், எப்போது சிகிச்சை தொடங்கியது என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் நம் வீடு இருக்கிறது. கணவன் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருக்கிறான், போன் லாக்கரில். அவன் வரட்டும் என்று காத்திருப்பதா? 108-க்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கர்ப்பிணியே கூப்பிடலாம்.

தாய் சேய் நல அட்டையை உதவித்தொகைத் தவணை பார்க்கத்தான் திறக்கிறோம். அபாய அறிகுறிகள் அதிலேயே படத்தோடு இருக்கின்றன. பிரசவத்துக்கு நகரிப் பக்கம் தாய்வீடு போகிறவர்கள் அட்டையையும் எடுத்துப் போங்கள். அங்கிருக்கும் நர்சுக்கு உங்கள் கதை தெரியாது.

ஐப்பசி, கார்த்திகையில் தேதி உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் நம் தரைப்பாலம் மூழ்குவது உங்களுக்குத் தெரியும். மழை எச்சரிக்கை வந்ததும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு அருகில் வந்துவிடுங்கள். உறவு வீட்டில் கோபதாபம் இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நர்சம்மா இடப்பக்கம் பி.பி. கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். கர்ப்பிணிகள் சாப்பிடும் முன் காட்டிவிட்டுப் போங்கள். அத்தை, உங்களுக்கும் பார்ப்பார்!