எல்லோரும் எழுதும் ஏடு

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



பள்ளிக்கூடத்தில் வழக்கமாக நடப்பது என்ன? வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளை பார்த்து எழுதும். சரியா, தப்பா என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிற பட்டம்!

1995-ல் வார்டு கன்னிங்ஹாம் என்கிற அமெரிக்கர், படிக்கிறவர்களே திருத்தக்கூடிய 'விக்கி' என்னும் முறையை இண்டர்நெட்டில் ஏற்படுத்தினார். 2006 முதல் கூகுள் டாக்ஸ் இருந்து வருகிறது. இதில் ஒரே ஏட்டைப் பல பேர் அவரவர் இடத்திலிருந்தே ஒரே சமயத்தில் எழுதலாம், திருத்தலாம்.

இதனால் வகுப்புக்கு என்ன லாபம்? 'ஊர்க் குளம் ஏன் வற்றியது?' என்று பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் முதலில், 'மழை இல்லை' என்று எழுதுகிறார். ஒரு பெண், ஓரத்தில் குறிப்புப் போடும் இடத்தில், 'போன வருஷம் மழை பெய்தும் குளம் நிரம்பவில்லையே! வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறதே!' என்று எழுதுகிறாள். இப்போது வாத்தியார் பதில் சொல்லியாக வேண்டுமா, இல்லையா? அந்தப் பதில்தான் பாடம்.

அழித்தால் போய்விடுமே என்பீர்கள். போகாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதும், பழைய எழுத்தும் அதிலேயே இருக்கும். வேண்டுமானால் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் யார் எழுதியது என்று தெரியாது. தெரிந்தாலும், அது தட்டெழுதினவனைக் காட்டுமேயன்றி யோசித்தவனைக் காட்டாது. ஆகவே, அதைப் பார்த்து மட்டும் மார்க்குப் போடுவது அநியாயம்.

கருவி வந்ததாலேயே அறிவு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தால் என்ன ஆகும்? கெட்டிக்காரன் ஒருவன் அதைப் பிடித்துக்கொள்வான். மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். பழைய எஜமானனுக்குப் பதில் புது எஜமானன்! அதனால் முறை வைத்து மாற்றி உட்கார வையுங்கள். வகுப்பு முழுவதையும் ஒரே ஏட்டில் தள்ளாமல், நாலைந்து பேருக்கு ஒரு ஏடு கொடுங்கள். பிறர் எழுதியதை அழிக்குமுன் காரணத்தை ஓரத்தில் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த விதி வாத்தியாருக்கும் சேர்த்துத்தான்.

தோழர்களே! தன் எழுத்தைப் பிள்ளை திருத்துவதைப் பொறுக்காத வாத்தியார் கையில் இதுவும் ஒரு கரும்பலகைதான். பொறுப்பவருக்குக் கரும்பலகைகூடப் போதும்; இது இருந்தால் இன்னும் சௌகரியம். நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாமல், ஒரு வகுப்பில் ஒரு மாதம் செய்து பார்த்துப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.