நாலாவது ஆள் யார்?

பட்டிமன்றத் தலைப்பு: குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் பெரும்பங்கு வகிப்பது தனிமனிதரின் மனவுறுதியா? குடும்பத்தின் துணையா?

('குடும்பத்தின் துணையே' என்னும் அணியில் பேசியது)

எதிரே அமர்ந்து என் முகத்தையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) விருதுநகர்ப் பெருமக்களே! வீட்டில் தட்டும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! அந்தத் தட்டை ஒரு பத்து நிமிஷம் கீழே வையுங்க. உங்களைப் பற்றித்தான் பேசப் போறேன்.

ஐயா, இந்தத் தலைப்பைக் கொண்டுவந்து எந்த ஊரில் வைத்திருக்கீங்க பாருங்க! எண்ணெய்க்கும் பருப்புக்கும் மிளகாய் வற்றலுக்கும் விலை பேசுகிற ஊர் இது. மற்ற ஊரில் எல்லாம் பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுப்பான். எங்க ஊரில் எண்ணெய்க்குள்ளேயே இறக்கிப் பொரித்து எடுப்பான். (கைதட்டல்) மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. தெற்கே போனால் சாத்தூர் சேவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிலோ ஏறுகிற மாதிரி ஒரு மாவட்டத்தை அமைத்து வைத்துவிட்டு, "மனவுறுதியோடு இரு" என்று எதிரணி சொல்லுது!

எதிரணித் தலைவர் அம்மா அழகாகப் பேசினாங்க. "வாய் என்னுடையது, கை என்னுடையது. நான் நினைத்தால்தான் நடக்கும். இதிலே குடும்பம் என்ன செய்யும்?" என்று கேட்டாங்க. அம்மா, வாய் உங்களுடையதுதான். கையும் உங்களுடையதுதான். தட்டிலே வைத்தது யாரு? (பலத்த கைதட்டல்)

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்வோம் நடுவர் அவர்களே. எடையைக் குறைப்பது வேறு. குறைத்ததைக் காப்பது வேறு. குறைப்பதற்கு மனவுறுதி வேணும், மறுக்கவில்லை. மூணு மாசம், நாலு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு எவனும் குறைத்துவிடுவான். ஆனால் நம்ம தலைப்பு அது இல்லை. நாலு மாசம் முடிந்து ஐந்தாவது மாசம் என்ன நடக்குது? அதுதான் தலைப்பு.

ஐந்தாவது மாசம் உடம்பு சண்டைக்கு வருகிறது. நான் கதை சொல்லவில்லை. அமெரிக்காவிலே ஒரு தொலைக்காட்சிப் போட்டி. யார் அதிகம் எடை குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, 2016-இல் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதிலே 41 கிலோவைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிசக்தி செலவழிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தப் பருமனுக்கு எதிர்பார்த்ததைவிட இவர்கள் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகச் செலவழித்தது. ஒரு வேளைச் சாப்பாடு! உடம்பு கஞ்சனாகிவிட்டது ஐயா.

அது மட்டுமா? பசியைத் தூண்டுகிற சுரப்பும், 'போதும்' என்று சொல்கிற சுரப்பும் நம்ம உடம்பிலே இருக்கு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் எழுதினார்கள். எடை குறைத்து ஒரு வருஷம் ஆன பிறகும், பசிச் சுரப்பு கூடியே இருக்கு. 'போதும்' என்கிற சுரப்பு குறைந்தே இருக்கு. அதாவது எடை குறைத்த மனிதன், குறைக்காத மனிதனைவிட அதிகமாகப் பசிக்கிறான். அவனைப் பார்த்து "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வது நியாயமா? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக் கணக்கிலே உள்ளேயிருந்து ஒருத்தன் "சாப்பிடு, சாப்பிடு" என்கிறான். வெளியேயிருந்து வீட்டிலுள்ளவர்களும் "சாப்பிடு, சாப்பிடு" என்றால் அந்த மனிதன் எங்கே ஐயா போவான்? (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவர் இல்லாமல் இறங்க மாட்டேன். திருக்குறளிலே தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் 'மருந்து'. அதிகாரத்துக்குப் பெயர் மருந்து. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மருந்தின் பெயர்கூடக் கிடையாது! முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, அளவோடு சாப்பிடு, மருந்தே வேண்டாம் என்கிறார். எதிரணி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாங்க. பொறுங்க, கடைசிக் குறளுக்கு வாங்க. மருத்துவம் என்பது நாலு கூறு என்கிறார். நோயாளி ஒன்று. மருத்துவர் இரண்டு. மருந்து மூன்று. நாலாவது யார்? பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர். 'உழைச்செல்வான்' என்று அவருக்குப் பெயரே வைக்கிறார்.

நோயாளிக்கு மனவுறுதி இருக்கலாம். நல்ல டாக்டர் இருக்கலாம். மருந்தும் வந்தாச்சு. எடை குறைக்கிற ஊசி 2025-இல் நம்ம நாட்டுக் கடைக்கே வந்துவிட்டது. டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு ஊசியை நிறுத்தியவர்களை ஆராய்ந்து 2022-இல் எழுதினார்கள். ஒரே வருஷத்தில், குறைந்ததிலே மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. ஆக முதல் மூன்று பேர் மட்டும் போதாது. நாலாவது ஆள் வேணும். அந்த நாலாவது ஆள்தான் நடுவர் அவர்களே, குடும்பம்!

எங்க அண்ணன் கதையைச் சொல்றேன். சிவகாசியிலே ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸிலே கணக்கு எழுதினார். தீபாவளிக்கு முன்னாலே நாலு மாசம் ராத்திரி பகல் கிடையாது. உட்கார்ந்த நாற்காலி, டீ, வடை. 2013-இல் சர்க்கரை என்றார்கள். எடை 96 கிலோ. டாக்டர் "குறைக்கலைன்னா காலுக்கு ஆபத்து" என்று சொல்லிட்டார். எங்க அண்ணன் வைராக்கியக்காரர். ஆறு மாசத்தில் 17 கிலோ குறைத்தார். ஊரே வந்து பார்த்தது. நான் சால்வை போட்டேன்.

அதோடு எல்லாரும் போய்விட்டோம்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டிலே அதிரசம். "ஒரே ஒண்ணு" என்றார் எங்க மதினி. பாவம், அவங்க கெட்ட எண்ணத்திலா கொடுத்தாங்க? ஆறு மாசமாய்ப் பத்தியம் இருந்த மனுஷன் என்று கொடுத்தாங்க. அப்புறம் பேரனுக்குப் பிறந்தநாள். "இன்னைக்கு ஒரு நாள்தானே." அப்புறம் நான் போனேன். தம்பி நான் என்ன செய்தேன்? வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். படித்தவன், டாக்டர் பட்டம் வாங்கினவன், நான் செய்த காரியம் அது! ஒன்றரை வருஷத்திலே 17 கிலோவும் ஏறி, மேலே மூணு கிலோ. 2017-இல் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துச் சொன்னார்: "தம்பி, குறைக்கிறப்போ ஊரே துணைக்கு வந்துச்சுப்பா. குறைச்ச பிறகு ஒருத்தரும் வரலையே."

(அமைதி)

மனவுறுதி இல்லாதவரா ஐயா அவர்? ஆறு மாசம் காட்டினாரே! நாலாவது ஆள் இல்லை. அவ்வளவுதான்.

நமக்கு ஏன் இது வராமல் போச்சு என்று யோசித்தேன். இது வானம் பார்த்த பூமி. கரிசல் காடு. மழை பொய்த்தால் கம்பும் கிடையாது, சோளமும் கிடையாது. எங்க தாத்தா காலத்திலே பசி என்றால் என்ன என்று தெரியும். அதனாலேதான் இந்த மண்ணிலே வாசலில் ஒருத்தர் வந்தால் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்கு முன்னாலே "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறோம். இந்த விருதுநகரிலே பிறந்த ஒரு தலைவர்தான் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். அது பசித்த காலம். சோறுதான் அன்பு. ஆனால் காலம் மாறிவிட்டது ஐயா. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது: தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம். இன்றைக்கு அன்பு என்பது இன்னொரு கரண்டி வைப்பது இல்லை. வைத்த கரண்டியைத் திரும்ப எடுப்பதும் அன்புதான்! (கைதட்டல்)

அதற்காக, வீட்டிலே போலீஸ் வேலை பார்க்கச் சொல்லவில்லை. எதிரணியிலே ஒரு தம்பி, "குடும்பம் நச்சரித்தே கொல்லும்" என்றார். நச்சரிக்கிறது துணை இல்லை தம்பி. "உங்களுக்கு மட்டும் கோதுமைக் கஞ்சி, எங்களுக்குப் பூரி" என்று ஒரே சமையலறையில் இரண்டு சட்டம் போடுவதும் துணை இல்லை. துணை என்றால் எல்லார் தட்டும் மாறணும்.

நானும் 97 கிலோவில் இருந்தவன்தான். அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து 2018-இல் குறைத்தேன். இன்று வரை ஏறவில்லை. வீட்டில் என்ன செய்தாங்க தெரியுமா? என் வீட்டம்மா முதலில் எண்ணெய்க் கணக்கு எடுத்தாங்க. ஆளுக்கு மாசம் அரை லிட்டர், அதுக்கு மேலே டப்பா திறக்காது. எண்ணெய்க்குப் பேர்போன ஊரிலே இது எவ்வளவு பெரிய புரட்சி! (சிரிப்பு) அடுத்து, சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டர் எங்க வீட்டுச் சுவரிலே தொங்கும். ஞாயிற்றுக்கிழமைத் தாளிலே வீட்டிலுள்ள எல்லார் எடையும் எழுதணும். இரண்டு கிலோ ஏறினால் திட்டு கிடையாது, என் மகள் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "அப்பா, நடக்கப் போகலாமா?" என்பாள். அவ்வளவுதான். எப்படி மறுப்பது சொல்லுங்க?

இதெல்லாம் எங்க வீட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. எடையைக் குறைத்துக் காப்பாற்றியவர்களை மட்டும் பதிவு செய்கிற ஒரு ஏடு, அமெரிக்காவில் 1994-இல் தொடங்கினார்கள். குறைந்தது 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷம் காத்தவர்களுக்குத்தான் அதில் இடம். அவர்களிடம் பொதுவாக என்ன பழக்கம்? நூற்றுக்கு 75 பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள். பெரும்பாலோர் காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். தொலைக்காட்சியைக் குறைத்துக்கொள்கிறார்கள். (நம்ம நிகழ்ச்சியைத் தவிர!) (சிரிப்பு) இப்போது யோசியுங்கள். காலையிலே பலகாரம் யார் கையிலே? மாலையில் நடக்கப் போக விடுவது யார்? "கடைக்குப் போ, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடு" என்று அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்காமல் இருப்பது யார்? குடும்பம்!

குடும்பம் என்றால் நாலு சுவர் மட்டும் இல்லை. சென்னையிலே ஆசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. சர்க்கரை நோய் பற்றி டாக்டர்கள் வந்து விளக்கிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கலைந்து போகவில்லை. தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். அப்புறம் நடக்கிறவர்கள் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. தெருவே நாலாவது ஆளாய் நின்றது ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம்.

சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்று சொன்னால் பட்டாசு மருந்து. அங்கே ஒரு சட்டம் உண்டு. கலந்த மருந்து மிச்சம் இருந்தால் மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ராத்திரி சும்மா கிடக்கிற மாதிரித்தான் தெரியும். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. அதை மீறினதால் போன உயிர்களை இந்த மண் மறக்காது. அந்தச் சட்டத்தைத் தனி ஒரு ஆள் காப்பாற்ற முடியுமா? கலக்கிறவர், பார்க்கிறவர், பூட்டுகிறவர் எல்லாரும் சேர்ந்தால்தான் முடியும். நம்ம வீட்டுக் குளிர்பெட்டியும் அப்படித்தான். நேற்றைய அல்வா, முந்தாநாள் கேக், கல்யாண வீட்டு லட்டு. மிச்சத்தை ராத்திரிக்கு வைக்காதீங்க. ராத்திரி பதினொரு மணிக்கு மனவுறுதி தூங்கிவிடும், பசி தூங்காது!

ஒரே சாத்தூரில்தான் சேவும் விற்கிறான். வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கி எதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம் என்பதிலே இருக்கு, வீட்டிலே காத்திருக்கிறவரின் ஆயுள். எங்க அண்ணன் இப்போதும் இருக்கார். ஊன்றுகோலோடு நடக்கிறார். போன மாசம் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு கட்டு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மதினி சிரித்தாங்க. அண்ணன் சொன்னார்: "இதை அன்னைக்கே வாங்கிட்டு வந்திருக்கலாமேடா."

எனக்குப் பதில் இல்லை நடுவர் அவர்களே. அந்தக் கேள்வி நாளைக்கு உங்க வீட்டிலே, இங்கே இருக்கிற எவர் வீட்டிலேயும் வரக் கூடாது. ஆகவே, குறைத்த எடை ஏறாமல் காப்பதில் பெரும்பங்கு வகிப்பது குடும்பத்தின் துணையே, துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு பணிவோடு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)